கூரை விளிம்பில் ஐஸ், படுக்கையறைச் சுவரில் நீர்: கூரையை மாற்றத்தான் வேண்டுமா?

வடக்கு வாசல் (ஸ்காபரோ):

வணக்கம். எங்களுடையது கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோ பகுதியில் 1987ஆம் ஆண்டு கட்டப்பட்ட இரண்டு மாடித் தனிவீடு. வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த வாரம் அடுத்தடுத்துப் பெய்த பனி கூரையில் ஒன்றரை அடிக்கு மேல் குவிந்துவிட்டது. அதன் பிறகு பகலில் மைனஸ் 4, இரவில் மைனஸ் 15 என்ற அளவில் குளிர் நிற்கிறது. முந்தாநாள் பின்னிரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து வந்து, தமது அறையில் யாரோ விரலால் பலகையைத் தட்டுவது போல் சத்தம் கேட்கிறது என்றார். போய்ப் பார்த்தால், யன்னலின் மேற்சட்டத்திலிருந்து நீர் சொட்டி, கீழே அவர் சேலை வைக்கும் மரப்பெட்டியின் மூடியில் விழுந்துகொண்டிருந்தது. சீலிங்கும் சுவரும் சேரும் மூலையில் ஒரு முழ நீளத்துக்குத் தேநீர் நிறத்தில் கறை படிந்திருக்கிறது.

விடிந்ததும் வெளியே நின்று பார்த்தேன். வீட்டின் முன்பக்கம் வடக்கு நோக்கியது. அந்தப் பக்கத்துப் பீலி, அதாவது கூரை நீர் வடியும் வாய்க்கால், முழுவதும் ஐஸ் இறுகி, அதற்கு மேலும் வயல் வரம்பு போல அரை அடி உயரத்துக்கு ஐஸ் கட்டியிருக்கிறது. விளிம்பில் ஈட்டி ஈட்டியாகத் தொங்குகிறது. எனக்கு விளங்காதது என்னவென்றால், கூரை ஓடுகள், அதாவது ஷிங்கிள்கள், ஆறு ஆண்டுகளுக்கு முன்னர்தான் மாற்றப்பட்டவை. அதற்கான ரசீதைப் பழைய உரிமையாளர் எங்களிடம் தந்திருக்கிறார்.

இரண்டு பேரை அழைத்துக் காட்டினேன். ஒருவர் கூரையை முழுமையாக மாற்ற வேண்டும் என்கிறார். மற்றவர் விளிம்பில், மின்சாரத்தால் சூடாகி ஐஸை உருக்கும் வெப்பக் கம்பி போட்டால் போதும் என்கிறார். இருவருமே வீட்டுக்குள் வந்து பார்க்கவில்லை. இப்போது சொட்டும் நீரை எப்படி நிறுத்துவது, அடுத்த மாரியில் இது திரும்பாமல் இருக்க யார் சொல்வதைக் கேட்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முகட்டு மரம் (மார்க்கம்):

தம்பி, நான் பதினெட்டு ஆண்டுகள் கூரை வேலை செய்து, முழங்கால் போன பிறகு விட்டவன். முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

அம்மாவை வேறு அறையில் படுக்க வையுங்கள். அந்த அறையின் சீலிங் விளக்குக்குப் போகும் பிரேக்கரை நிறுத்திவிடுங்கள். சீலிங் எங்காவது வயிறு வைத்தது போல் தொங்கினால், அதன் கீழே வாளி வைத்து, நடுவில் திருப்புளியால் ஒரு சிறு துளை போடுங்கள். நீர் ஒரே இடத்தால் வடிந்துவிட்டால் பலகை மொத்தமாக இடிந்து விழாது. துளை போடுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தரையில் நின்றபடியே நீண்ட அலுமினிய ரூஃப் ரேக்கினால், அதாவது தடியின் முனையில் தகடு பொருத்திய பனிவாரியினால், விளிம்பிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்துக்குப் பனியை இழுத்து இறக்குங்கள். ஷிங்கிளைச் சுரண்டாமல் ஓர் அங்குலப் பனியை விட்டுவிடலாம். மின்கம்பி வீட்டுக்குள் நுழையும் பக்கத்தில் அந்தத் தடியைத் தூக்கவே கூடாது. இழுத்து விழுத்தும் பனி எங்கே குவிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகைக்குழாய் பக்கச் சுவரால் வெளியேறும் வீடுகளில், கூரைப் பனி அந்த வாயை மூடிவிட்டால் கார்பன் மோனொக்சைட் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். ஈரச் சுவரைவிட இது ஆயிரம் மடங்கு ஆபத்தானது.

ஐஸ் வரம்பில் வழி வெட்டுவதற்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. பெண்களின் நைலோன் காலுறை ஒன்றில் கல்சியம் குளோரைட்டை நிரப்பி, முனையைக் கட்டி, வரம்பின் குறுக்கே, நுனி பீலிக்கு வெளியே தொங்கும்படி கிடத்துங்கள். ரேக்கின் தடியாலேயே மேலே தள்ளி வைக்கலாம். சில மணி நேரத்தில் அந்த இடத்தில் ஒரு வாய்க்கால் உருகித் திறக்கும்; பின்னால் தேங்கிய நீர் அதன் வழியே வெளியேறும். வாசலுக்குத் தூவும் சாதாரண உப்பைப் போடாதீர்கள். மைனஸ் 9க்குக் கீழே அது பெரிதாக உருக்காது; ஆணியையும் பீலியையும் அரித்து, கீழே நிற்கும் செடியையும் கருக்கிவிடும்.

கோடரி, சுத்தியல், உளி எதுவும் கூரைப் பக்கம் போகக்கூடாது. குளிரில் ஷிங்கிள் பிஸ்கட் போல நொறுங்கும். நான் திருத்திய பல கூரைகளில் ஐஸ் செய்த சேதத்தைவிட ஐஸை உடைக்கப் போனவர் செய்த சேதமே அதிகம். எப்படியும் எடுத்தாக வேண்டும் என்றால் குறைந்த அழுத்தத்தில் நீராவி பாய்ச்சி வெட்டி எடுப்பவர்களைக் கூப்பிடுங்கள். கார் கழுவும் அழுத்தக் குழாயுடன் வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கூரையை முழுமையாக மாற்றச் சொன்னவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஷிங்கிள் என்பது மீன் செதில் போன்றது. மேலிருந்து கீழே ஓடும் நீரைத்தான் அது தடுக்கும். கீழே வரம்பு கட்டி நீர் தேங்கி மேல்நோக்கி ஏறினால், நேற்றுப் போட்ட ஷிங்கிளும் ஒழுகத்தான் செய்யும். உங்கள் கூரையில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒட்டாவாக் குளிர்:

மேலே உள்ள பதிலோடு முழுவதும் உடன்படுகிறேன். வீடுகளின் வெப்ப இழப்பைச் சோதிக்கும் வேலையில் இருப்பதால், காரணத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. வடக்குப் பக்கக் கூரை, பிப்ரவரி மாதம், பகலின் உச்ச வெப்பநிலையே மைனஸ் 4. அந்தப் பக்கத்தில் வெயிலும் சரியாக விழாது. அப்படியானால் அந்தப் பனியை உருக்கியது எது? உங்கள் வீட்டுச் சூடுதான். சூடான காற்று சீலிங்கில் உள்ள இடுக்குகள் வழியாக, சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள அட்டிக்குக்குள் ஏறி, கூரைப் பலகையைச் சுழியத்துக்கு மேல் சூடாக்குகிறது. பனியின் அடிப்பகுதி உருகி, ஷிங்கிளின் மீது கண்ணுக்குத் தெரியாமல் கீழே வழிகிறது. சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் தாழ்வாரத்தின் கீழே வீடு இல்லை, அங்கே வெளிக்குளிர்தான். நீர் அங்கு வந்ததும் உறைகிறது. மறுநாள் வரும் நீர் அதன்மேல் உறைகிறது. அப்படி வளர்ந்ததுதான் நீங்கள் பார்த்த வரம்பு.

நான்கு அங்குலப் பனியில் வராத சிக்கல் ஒன்றரை அடியில் ஏன் வந்தது என்றால், பனியே ஒரு நல்ல போர்வை. அது தடிமனாகத் தடிமனாக, வெளிக்குளிர் கூரைப் பலகையை எட்டுவதில்லை. கீழிருந்து வரும் கொஞ்சச் சூடே அதை உருக்கப் போதுமானதாகிவிடுகிறது. 2025 பிப்ரவரியில் ரொறன்ரோவில் சில நாட்களுக்குள் இரண்டு பனிப்புயல்கள் அடுத்தடுத்து வந்தபோது, அதுவரை ஒழுகாத பல வீடுகள் ஒழுகியதற்கும் இதே காரணம்தான்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் அட்டிக்கில் இன்னும் கொஞ்சம் வெப்பக்காப்புப் பஞ்சு போட்டால் சரியாகிவிடும் என்று முடிவுக்கு வருகிறார்கள். அது பாதி உண்மை. கண்ணாடி நார்ப் பஞ்சு காற்றை நிறுத்தாது, வடிகட்டும். அட்டிக்குக்குப் போய்ப் பஞ்சைச் சற்று விலக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்புப் பஞ்சு எங்கெல்லாம் கறுத்து அழுக்காக இருக்கிறதோ, அங்கெல்லாம் கீழிருந்து பல ஆண்டுகளாகக் காற்று கசிந்திருக்கிறது என்று பொருள். வீட்டுத் தூசி அந்த நாரில் தங்கிவிட்டிருக்கும். குளியலறைக் காற்றாடியைச் சுற்றியும், கழிவுக் குழாய் மேலே செல்லும் துளையிலும், உட்சுவர்களின் தலைமரங்களிலும், சீலிங்கில் பதித்த விளக்குகளைச் சுற்றியும், அட்டிக் கதவின் விளிம்பிலும் தேடுங்கள். முதலில் அவற்றை அடைக்க வேண்டும், பஞ்சு அதற்குப் பிறகுதான். இன்று ஒன்டாரியோவில் கட்டப்படும் புது வீடுகளின் அட்டிக்கில் ஆர்-60 அளவுக்குப் போடுகிறார்கள்; ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு. ஊதிப் போடும் செல்லுலோஸ் என்றால் அது ஏறத்தாழ 17 அங்குலம், ஊதிப் போடும் கண்ணாடி நார் என்றால் இரண்டு அடி. 1987இல் கட்டிய வீட்டில் இதைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

பஞ்சு போடுகிறேன் என்று தாழ்வாரத்தின் அடியில் இருக்கும் சோஃபிட் துவாரங்களை அடைத்துவிடுவதும் பரவலாக நடக்கிறது. அந்தத் துவாரங்கள் வழியாகக் குளிர்காற்று நுழைந்து, பலகையின் அடியை உரசிக்கொண்டு மேலே முகட்டுத் துவாரங்களால் வெளியேற வேண்டும். கட்டட விதியின்படி, சாதாரணச் சரிவுள்ள கூரைக்குச் சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்கு திறந்த துவாரமாக இருக்க வேண்டும். அதில் கால் பங்காவது மேலேயும் கால் பங்காவது கீழேயும் இருக்க வேண்டும். 1,200 சதுர அடிச் சீலிங்குக்கு 4 சதுர அடி. பஞ்சுக்கும் பலகைக்கும் இடையே 63 மில்லிமீட்டர் வழிவிட, பாஃபிள் எனப்படும் தட்டுகளைச் செருகுவார்கள்.

அட்டிக்குக்குள் போகும்போது முகமூடி, கையுறை அணிந்து, மரச் சட்டங்களின் மீது மட்டும் கால் வையுங்கள். இடையில் மிதித்தால் கால் அம்மாவின் அறைக்குள் இறங்கிவிடும். உங்கள் வீடு 1990க்கு முன்னர் கட்டப்பட்டது. பஞ்சுக்குப் பதிலாகச் சாம்பலும் பொன்னிறமும் கலந்து, பளபளக்கும் சிறு கற்கள் போன்ற வெர்மிகுலைட் கிடந்தால் எதையும் தொடாமல் கதவை மூடிவிட்டு இறங்கிவிடுங்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. பரிசோதித்த பிறகே மேற்கொண்டு எதையும் செய்யலாம்.

மொன்றியல் மாடி:

வெப்பக் கம்பியைப் பலர் கேலி செய்வார்கள் என்பதால் அதன் பக்கம் நின்று ஒரு பதில். எங்கள் வீட்டின் மேல்தளத்தில் அட்டிக் என்று ஒன்று கிடையாது. சீலிங் கூரையோடு ஒட்டிச் சரிவாகவே போகிறது. உள்ளே புகுந்து அடைக்கவும் முடியாது, பஞ்சைக் கூட்டவும் இடமில்லை. மூன்று ஆண்டுகள் ஒழுகிய பிறகு, விளிம்பில் கோணல்மாணலாகவும் பீலிக்குள்ளும் கீழிறங்கும் குழாய்க்குள்ளும் கம்பி போட்டோம். அதன் பின் ஒரு சொட்டு நீர் உள்ளே வரவில்லை. மின்சாரச் செலவு கூடியது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் சுவரைப் பிரித்துப் பூசிய செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

ஒட்டாவாக் குளிர்:

உங்கள் வீட்டுக்கு அது சரியான முடிவு, மறுக்கவில்லை. அட்டிக் இல்லாத சரிவுச் சீலிங்கில், கூரையை மேலிருந்து திறந்து கட்டும் நாள் வரும்வரை வேறு வழி குறைவு. கேள்வி கேட்டவருக்கு அட்டிக் இருக்கிறது. கம்பி அடிக்கு 5 முதல் 8 வாட் வரை இழுக்கும். நூறு அடிக் கம்பியை நாள் முழுவதும் விட்டால் ஒரு நாளுக்கு 12 யூனிட்டுக்குக் குறையாது. ஒருபுறம் வீட்டுச் சூடு கூரை வழியே வீணாகப் போய்க்கொண்டிருக்க, அதன் விளைவைச் சமாளிக்க இன்னொரு சூட்டுக்கும் காசு கொடுப்பானேன் என்பதே என் தயக்கம்.

கணக்குப்பிள்ளை (மிசிசாகா):

வீட்டுக் காப்புறுதியில் வேலை செய்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன். ஐஸ் கட்டித் திடீரென உள்ளே வந்த நீரினால் உண்டான சேதத்தைச் சில ஒப்பந்தங்கள் நேரடியாக ஏற்கும். சிலவற்றில் அதற்கெனத் தனி இணைப்பு வாங்கியிருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, கூரை வழியாக வரும் நீர் பற்றிய பகுதியைப் படியுங்கள். நாட்பட்ட கசிவு எனத் தெரிந்தால் பெரும்பாலும் தள்ளுபடி செய்துவிடுவார்கள். ஆகவே கறை முதலில் எப்போது தென்பட்டது, என்ன செய்தீர்கள் என்பதைத் திகதியோடு எழுதி வையுங்கள். நீரைக் கண்ட பிறகு சேதம் பெருகாமல் தடுக்க நியாயமான முயற்சி எடுப்பது உங்கள் கடமை என்றும் ஒப்பந்தத்தில் இருக்கும். ரூஃப் ரேக் வாங்கிய ரசீதைக்கூட எறியாதீர்கள்.

புதுமனை (பிரம்டன்):

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீடு கட்டி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. இதே போல் விளிம்பில் ஐஸும் யன்னலோரம் கசிவும் இருக்கின்றன. கட்டியவர் இது இயற்கையின் செயல் என்கிறார்.

முகட்டு மரம் (மார்க்கம்):

சகோதரி, ஒன்டாரியோவில் புது வீட்டுக்கான சட்டப்படியான உத்தரவாதத்தில் வெளிச்சுவர், கூரை வழியாக நீர் புகுவதற்கு எதிராக இரண்டு ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. உங்களுக்கு இன்னும் ஆறு மாதமே இருக்கிறது. கட்டியவரோடு வாய்ப்பேச்சில் காலத்தைக் கடத்தாமல், அந்த உத்தரவாதத்தை நடத்தும் டேரியன் நிறுவனத்தின் படிவத்தில் படங்களோடு இப்போதே பதிவு செய்யுங்கள்.

வடக்கு வாசல் (ஸ்காபரோ):

எல்லோருக்கும் நன்றி. காலுறை வேலை செய்தது. மாலை வைத்தேன், இரவு பத்து மணிக்கு அந்த இடத்தில் ஒரு கை அகலத்துக்கு வழி திறந்து நீர் வெளியே கொட்டியது. சுவரில் சொட்டுவதும் நின்றுவிட்டது.

இன்று காலை அட்டிக்குக்குள் ஏறினேன். வெர்மிகுலைட் இல்லை, பஞ்சுதான். கையை விட்டு அளந்தால் ஏழு அங்குலம். டோர்ச்சைக் கூரைப் பலகையை நோக்கிப் பிடித்தபோது, ஷிங்கிள் ஆணிகளின் முனைகள் அத்தனையும் வெள்ளையாக, ஒவ்வொன்றிலும் ஒரு மல்லிகை மொட்டைக் குத்தி வைத்தது போல உறைபனி படிந்திருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடினேன். மேல்மாடிக் குளியலறைக் காற்றாடியின் குழாய் கூரைத் துவாரத்திலிருந்து கழன்று, பஞ்சின் மீது படுத்துக் கிடக்கிறது. அது கிடக்கும் இடம் அம்மாவின் அறைக்கு நேர் மேலே. நான்கு மாரியாக நாங்கள் குளித்த சுடுநீரின் ஆவி முழுவதும் அங்கேதான் போயிருக்கிறது. பழைய உரிமையாளர் பதித்த ஆறு சீலிங் விளக்குகளைச் சுற்றிலும் பஞ்சு கறுத்திருக்கிறது. முன்பக்கச் சோஃபிட்டைப் பஞ்சு முழுமையாக அடைத்திருக்கிறது.

இன்னும் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவுக்குத் தோல் வறள்கிறது என்று ஃபர்னஸின் ஈரப்பதமூட்டியை 45 சதவீதத்தில் வைத்திருந்தோம். வீட்டில் நாள்தோறும் இடியப்பமோ புட்டோ அவிகிறது. அடுப்புக்கு மேலுள்ள காற்றாடி வெளியே விடும் வகையன்று. காற்றை வடிகட்டிக் குசினிக்குள்ளேயே திருப்பி விடுவது. காலையில் யன்னல் கண்ணாடியின் கீழ் விளிம்பில் நீர் தேங்கி நிற்பதைத் துணியால் துடைப்பது எங்களுக்கு வழக்கமாகவே போய்விட்டது.

இவற்றில் எதை இப்போது செய்யலாம், எதை வசந்தத்துக்கு விட வேண்டும்?

முகட்டு மரம் (மார்க்கம்):

குழாயை இன்றே மாட்டுங்கள். வெப்பக்காப்பு உறை போட்ட வளையும் குழாயாக வாங்கி, கூரைத் துவாரத்தின் கழுத்தில் உலோகப் பட்டியால் இறுக்குங்கள். சோஃபிட்டுக்குள் செருகிவிடச் சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள், வெளியே விட்ட ஈரக்காற்றை அடுத்த துவாரம் உள்ளே இழுத்துவிடும். ஈரப்பதமூட்டியையும் இன்றே 30க்கு இறக்குங்கள். மைனஸ் 20 இரவுகளில் இன்னும் குறைவாக வையுங்கள். இடியப்பம் அவிக்கும்போது குசினி யன்னலை இரண்டு அங்குலம் திறந்தால் போதும், அம்மாவிடம் இடியப்பத்தை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை.

ஆணியில் நீங்கள் பார்த்த உறைபனியை நினைவில் வையுங்கள். முதல் இளஞ்சூடான நாளில் அது உருகிச் சீலிங்கில் பரவலாகச் சொட்டும். அதைப் பார்த்துக் கூரை மீண்டும் ஒழுகுகிறது என்று பதறி யாரையும் கூப்பிட வேண்டாம். அந்தப் பஞ்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேலே புதுப் பஞ்சு போடலாம்.

மற்றவை ஏப்ரலுக்குப் பிறகு. இடுக்கு அடைக்கும் நுரை இந்தக் குளிரில் ஒழுங்காகப் பிடிக்காது. விளக்குகளைப் பொறுத்தவரை, பஞ்சு படலாம் என்ற அனுமதி முத்திரை இல்லாத பழைய வகையாக இருந்தால் அவற்றின் மேல் பஞ்சை மூடுவது தீயை வரவழைப்பதாகும். காற்றுப் புகாத மெல்லிய எல்இடி வகைக்கு மாற்றச் சொல்லி மின் வேலைக்காரரிடம் கொடுங்கள். புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளிக்கும் சாதாரண நுரை கூடாது. தகடும் தீ தாங்கும் பசையும் வேண்டும்.

கூரை மாற்றும் காலம் எப்போதாவது வந்தால், அப்போது கேட்க வேண்டியது ஒன்று. ஷிங்கிளுக்கு அடியில் விளிம்பில் ஒட்டும் நீர்த்தடுப்புச் சவ்வு, விதிப்படி விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீட்டரும், வெளிச்சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 300 மில்லிமீட்டரும் போக வேண்டும். சுருளின் அகலம் மூன்று அடி. ஒன்றரை அடித் தாழ்வாரம், செங்கல் சுவரின் தடிமன், அதற்கு மேல் ஓர் அடி என்று கூட்டினால் ஒரு வரிசை எட்டாது. சரிவில் விரிப்பதால் அது எட்டும் தூரம் இன்னும் குறையும். பலர் ஒரு வரிசையோடு முடித்துவிடுகிறார்கள். இரண்டு வரிசை என்று ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்குங்கள்.

அம்மாவின் அறைச் சுவரில் இப்போதைக்குப் பெயிண்ட் பூச வேண்டாம். யன்னலுக்கு மேலே உள்ள பலகையைக் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, பின்னால் உள்ள பஞ்சையும் எடுத்துவிட்டு, காற்றாடி வைத்துச் சில நாட்கள் உலரவிடுங்கள். உறுதியாக இருந்தால் கறை மறைக்கும் பிரைமரை மே மாதத்தில் பூசலாம்.